ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் கணக்கு: நீரிழிவும் அதன் சிகிச்சையும்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் வடித்தெடுத்துக் கையில் கொட்டினால் எவ்வளவு தேறும்? நோயில்லாத ஒருவருக்கு, காலையில் வெறும் வயிற்றில், 5 கிராம்கூட வராது. ஒரு தேக்கரண்டி. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 90 மில்லிகிராம் என்றால் 5 லிட்டருக்கு நாலரை கிராம். சரியாகத்தான் இருந்தது.

இப்போது வரவு செலவைப் பாருங்கள். மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையை எரிக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் 60, 80 கிராம் மாவுச்சத்து எளிதாக உள்ளே போய்விடும். அது பெரும்பாலும் குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்குத்தான் வருகிறது. இவ்வளவு வரத்தும் செலவும் நடந்தாலும் கையிருப்பு அந்த ஒரு தேக்கரண்டியை விட்டு அதிகம் விலகுவதில்லை. சாப்பிட்டால் கொஞ்சம் ஏறும், ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் தீர்ந்துபோகாது.

இந்தக் காவல் தளர்ந்துபோவதுதான் நீரிழிவு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்கிறது மருத்துவம். அதையும் கிராமாக மாற்றிப் பார்த்தால் ஆறு கிராம் சொச்சம். ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் நடுவே ஒன்றரை, இரண்டு கிராம்தான் வித்தியாசம். அதனால்தான் ஆரம்பத்தில் உடம்புக்கு எதுவும் தெரிவதில்லை. அந்தச் சிறிய மிகை பத்து வருடம், பதினைந்து வருடம் விடாமல் ரத்தக் குழாய்களில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் பிற்பாடு கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் கை வைக்கிறது. நோயின் இந்த இரட்டைக் குணம், அதாவது அளவில் அற்பமாகவும் காலத்தில் கொடியதாகவும் இருப்பது, பிடிபட்டுவிட்டால் சிகிச்சையில் ஒவ்வொன்றும் எதற்கு என்பது தானாக விளங்கும்.

காவல் எப்படி நடக்கிறது

வயிற்றுக்குப் பின்னால், கிடைமட்டமாகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதிக்குச் செரிமான நீர் சுரப்பதுதான் வேலை. 1869இல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தத் திசுவின் நடுவே சிறு சிறு தீவுகள்போல வேறு வகைச் செல்கள் திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கழித்து, 1889இல், மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தார்கள். நாய்க்குக் கடுமையான நீரிழிவு வந்தது. சர்க்கரையின் கடிவாளம் கணையத்தில் இருக்கிறது என்பது அன்று உறுதியானது.

அந்தத் தீவுகளில் இருக்கும் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் குளுகோகானைச் சுரக்கின்றன. இன்சுலின் சர்க்கரையை இறக்கும், குளுகோகான் ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வேலை செய்கின்றன.

இன்சுலின் என்ன செய்கிறது என்று கேட்டால், செல்களின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி கல்லீரலில் நடக்கிறது, அதைத் தெரியாமல் இந்த நோயைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று நான் நினைக்கிறேன்.

கல்லீரல் ஒரு சர்க்கரைக் களஞ்சியம். சாப்பிட்ட பிறகு மிஞ்சும் குளுக்கோஸைச் சுமார் 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில், குறிப்பாக இரவில், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. களஞ்சியம் குறைந்தால் புரதத்தின் துண்டுகளிலிருந்தும் வேறு பொருள்களிலிருந்தும் புதிதாகச் சர்க்கரையைத் தயாரிக்கவும் செய்கிறது. நாம் தூங்கும்போது மூளைக்குச் சாப்பாடு போடுவது கல்லீரல்தான். சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் கல்லீரலுக்கு அனுப்பும் செய்தி ஒன்றே ஒன்று: "வெளியிலிருந்து வந்துவிட்டது, நீ நிறுத்து."

நீரிழிவில் அந்தச் செய்தி கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. தேவைக்கு மேல் சர்க்கரையை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. "ராத்திரி எட்டு மணிக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, காலையில் 160 காட்டுகிறதே, எப்படி?" என்று திகைக்கிறவர்களுக்குப் பதில் இதுதான். நீங்கள் சாப்பிடவில்லை, உங்கள் கல்லீரல் ரத்தத்துக்கு ஊட்டியிருக்கிறது. விடியற்காலையில் உடம்பை எழுப்புவதற்காகக் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறுவதும் சேர்ந்துகொள்ளும். யாரும் திருட்டுத்தனமாக எதையும் தின்றிருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்கள் சந்தேகப்படுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

எல்லாம் ஒரே நோயல்ல

ஒரே பெயர் இருந்தாலும் இவை வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேரும் நோய்கள்.

டைப் 1இல் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களை எதிரியென்று நினைத்து அழித்துவிடுகிறது. இன்சுலின் ஏறக்குறைய நின்றுபோகிறது. குழந்தைகளிடம் அதிகம் பார்க்கிறோம், ஆனால் எந்த வயதிலும் வரலாம். இனிப்பு சாப்பிட்டதால் இது வருவதில்லை, பெற்றோர் செய்த தவறாலும் வருவதில்லை. இதற்கு இன்சுலின்தான் மருந்து. நாளைக்கல்ல, இன்றிலிருந்தே. மாற்று வைத்தியத்தை நம்பி ஒரு டைப் 1 குழந்தையின் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இந்த ஒரு வரியை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

டைப் 2தான் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல். இங்கே இன்சுலின் சுரக்கிறது, ஆரம்பத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சுரக்கிறது. ஆனால் தசையும் கல்லீரலும் அதற்கு மசிவதில்லை. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். பரம்பரை, உடல் உழைப்பின்மை, கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் சேரும் கொழுப்பு எல்லாம் இதற்குப் பின்னணி. கணையம் பல வருடம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. ஒரு கட்டத்தில் அதனால் முடியாமல் போகும்போதுதான் சர்க்கரை அளவு ஏறுகிறது. நோய் தெரியவரும் நாளில் பீட்டா செல்களின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. கண்டுபிடித்த நாள் வேறு, தொடங்கிய நாள் வேறு.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு வராது என்று நினைப்பது தவறு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட உறுப்புகளைச் சுற்றியும் உள்ளேயும் சேரும் கொழுப்புதான் பொல்லாதது, அது வெளியில் தெரியாது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் சிலருக்குச் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தோடு பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழந்தையைக் கவனிக்கும் மும்முரத்தில் தாயின் பரிசோதனை விட்டுப்போகிறது. பிரசவமான சில வாரங்களில் ஒரு முறையும் பிறகு அவ்வப்போதும் அவர் சோதித்துக்கொள்ள வேண்டும். இவை தவிர ஸ்டீராய்டு மருந்துகளாலும், கணையம் பழுதாவதாலும், ஒற்றை மரபணுக் கோளாறாலும் வரும் வகைகள் இருக்கின்றன.

பெயரிலேயே இருக்கும் அறிகுறி

பேச்சில் சர்க்கரை நோய், சுகர் என்கிறோம். நீரிழிவு என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இழிதல் என்றால் இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல். அருவி இழிகிறது என்பார்கள். உடம்பின் நீர் இழிந்துபோகும் நோய் நீரிழிவு. கிரேக்கர்கள் வைத்த டயாபடீஸ் என்ற பெயருக்கும் ஊடாகப் பாய்ந்து போவது என்றுதான் பொருள். மதுமேகம் என்ற பழைய மருத்துவச் சொல், சிறுநீர் தேன்போல இனிப்பதைச் சொல்கிறது.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் வெளியே வருகிறது, ஆனால் அதை வீணாக்காமல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் உறிஞ்சும் திறன் போதாமல் மிச்சம் சிறுநீரில் போகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தீராத தாகம். நிறையத் தண்ணீர் குடிப்பதால்தான் அடிக்கடி போகிறது என்று பலர் தலைகீழாக எண்ணிக்கொள்கிறார்கள். உணவின் சக்தி சிறுநீரில் போவதால் எடை குறையும், சோர்வு வரும், எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்கும். பார்வை மங்கலாம், புண் ஆறத் தாமதமாகலாம்.

அந்த 180 என்ற எண்ணிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 126இல் நோய் தொடங்கிவிடுகிறது, அறிகுறியோ 180க்கு மேல்தான் தலைகாட்டும். நடுவில் இருக்கிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எண்கள்

வெறும் வயிற்றில், அதாவது குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், 126 அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இவற்றில் எது காட்டினாலும் நீரிழிவு. வெளிப்படையான அறிகுறி இல்லாதபோது ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இன்னொரு முறை உறுதிசெய்வார்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நீரிழிவு என்று பெயர். திரும்பிப் போகச் சாலை அகலமாக இருக்கும் இடம் அது.

எச்பிஏ1சி பலருக்குப் புதிராக இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் அணு சாகும்வரை விடாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே நூறு ஹீமோகுளோபினில் எத்தனை சர்க்கரை ஒட்டியது என்று எண்ணினால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி கிடைத்துவிடும். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154 மில்லிகிராம், 8 என்றால் 183.

ஆனாலும் இதுவும் ஒரு சராசரிதான். நாள் முழுக்க 150இல் நிற்பவருக்கும் 60க்கும் 300க்கும் இடையே ஊசலாடுகிறவருக்கும் ஒரே எண் வரக்கூடும், இருவரின் நிலையும் ஒன்றல்ல. ரத்தசோகை, அண்மையில் ரத்தம் ஏற்றியது, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை இருந்தால் இந்த எண் தவறாகவும் காட்டும். வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியோ, தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரோ அந்த இடைவெளியை நிரப்புகின்றன. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கியே காட்டும்.

பெரும்பாலானவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பது இலக்கு. முதியவர்களுக்கும் வேறு பெரிய நோய்கள் உள்ளவர்களுக்கும் 8 வரை விடுவதுண்டு, ஏனென்றால் அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது கூடுவதைவிட ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கை உங்கள் இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆரம்ப வருடங்கள் ஏன் விலைமதிப்பற்றவை

சர்க்கரை மிகுந்த ரத்தம் மெல்லிய குழாய்களை முதலில் பாதிக்கிறது. விழித்திரை, சிறுநீரக வடிகட்டி, நரம்புகளுக்கு உணவு கொண்டுபோகும் நுண்குழாய்கள். பெரிய குழாய்களில் கொழுப்புப் படிவதும் விரைவுபடுகிறது, அதனால் மாரடைப்பும் பக்கவாதமும்.

கட்டுப்பாட்டால் இதைத் தடுக்க முடியுமா என்பதே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு டைப் 1க்கும், 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு டைப் 2க்கும் விடை சொல்லின: முடியும். 2008இல் அந்தப் பிரிட்டிஷ் ஆய்வின் தொடர்ச்சி வந்தபோது கிடைத்த செய்தி என்னை இன்றுவரை நெகிழ வைக்கிறது. ஆய்வு முடிந்தபின், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழு ஆகிய இரண்டின் சர்க்கரை அளவும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. உடம்பு பழைய நல்ல காலத்தை நினைவில் வைத்திருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் முதல் ஐந்து வருடங்கள்தான் அதிகப் பலன் தரக்கூடியவை.

இன்னொன்று. சர்க்கரையை மட்டும் இறக்கிவிட்டு ரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் புகையிலைப் பழக்கத்தையும் கவனிக்காமல் இருந்தால் இதயத்தைக் காப்பாற்ற முடியாது. சுகருக்கு மாத்திரை கேட்டால் கொலஸ்ட்ராலுக்கும் சேர்த்து எழுதிவிட்டார் என்று மருத்துவரைக் குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சிகிச்சை: எந்தக் குழாயைத் திருப்புகிறோம்?

ரத்தத்தை ஒரு தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சர்க்கரை கொட்டும் குழாய்கள் இரண்டு: ஒன்று குடல், இன்னொன்று கல்லீரல். வெளியேறும் வழி தசை, கொழுப்பு, மூளை. கடைசிப் போக்கிடம் சிறுநீரகம். ஒவ்வொரு சிகிச்சையும் இவற்றில் ஏதோ ஒன்றைத் திருப்புகிறது. மருந்துச் சீட்டில் நாலைந்து பெயரைப் பார்த்து மிரளுகிறவர்கள், இது எந்தக் குழாய் என்று கேட்டுப் பார்த்தால் மிரட்சி பாதியாகிவிடும்.

சாப்பாடு, குடல் குழாய். இனிப்பை விட்டால் போதும் என்பது அரைகுறைப் புரிதல். நாக்குக்கு இனிக்காத தானியமும் கிழங்கும் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு வேகமாக என்ற இரண்டும் முக்கியம். நார்ச்சத்தும் புரதமும் கொழுப்பும் சேர்ந்தால் அதே மாவுச்சத்து மெதுவாக இறங்கும். பழத்தைக் கடித்துத் தின்பதற்கும் சாறாகப் பிழிந்து குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த வேகம்தான்.

நடை, தசைக் குழாய். எனக்கு மிகவும் பிடித்த மருந்து இது. வேலை செய்யும் தசை, இன்சுலின் தட்டாமலேயே கதவைத் திறந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு மசியாத உடம்பிலும் இந்தப் பின்வாசல் திறந்தே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் தணிவதைக் கருவியிலேயே பார்க்கலாம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்நீரிழிவு உள்ளவர்கள் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக் குறைப்பும் என்ற இலக்கோடு வாழ்ந்தபோது நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்.

டைப் 2இல் எடைக் குறைப்பு இன்னும் தூரம் போகும். 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மருத்துவர் மேற்பார்வையில் கடுமையான குறைகலோரி உணவோடு எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே நீரிழிவு எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் அவர்கள். இதை நோய் குணமானது என்று சொல்லாமல் அடங்கியிருக்கிறது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். எடை திரும்பினால் அதுவும் திரும்பும், ஆகவே வருடாந்தரப் பரிசோதனையை விடக் கூடாது.

மெட்ஃபார்மின், கல்லீரல் குழாய். தேவையில்லாமல் ஊற்றிக்கொண்டிருக்கும் கல்லீரலை அடக்குவது இதன் முதல் வேலை. கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த ஒரு வேதிப்பொருளின் வழியில் வந்தது. 1957இல் பிரான்சின் ழான் ஸ்டெர்ன் இதை மனிதர்களுக்கான நீரிழிவு மருந்தாக அறிமுகப்படுத்தினார். தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்தாது, எடை போடாது. ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் குறையும். நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் நீரிழிவுதான் காரணம் என்று முடிவுகட்டாமல் அதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பரவலாக ஒரு பயம் இருக்கிறது. உண்மை வேறு: ஏற்கெனவே சிறுநீரகம் நன்றாகப் பழுதானவர்களுக்கு இந்த மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும், அதனால் அவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை.

கிளிமிபிரைடு, கிளைகிளசைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். வேகமாக வேலை செய்யும், ஆனால் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சிட்டாகிளிப்டின் வகை, உணவு வரும்போது குடல் சுரக்கும் ஹார்மோனின் ஆயுளை நீட்டி மென்மையாக உதவும். பயோகிளிட்டசோன் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும், ஆனால் உடலில் நீர் தேங்க வைக்கும் என்பதால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை அந்தக் கடைசிப் போக்கிடமான சிறுநீரகத்தைத் திறந்துவிடுகின்றன. மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் வாசலை அடைத்து, தினமும் பல பத்து கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சர்க்கரைக்காக வந்த இந்த மருந்துகள் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகச் சிதைவையும் தணிப்பது 2015இலிருந்து அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் தெரியவந்தது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதைக் கூச்சமின்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பும், வாந்தி பேதியால் சாப்பிட முடியாத நாட்களிலும் இதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் அப்போது உண்டு.

செமாகுளூடைடு, லிராகுளூடைடு போன்றவை குடல் ஹார்மோன் ஒன்றைப் போல நடிப்பவை. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பசியை அடக்கும், சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டும். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கிடைத்த பொருளிலிருந்து பிறந்தது அது.

இன்சுலின் என்றதும்

இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் முகம் வெளிறிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிக் கட்டம் வந்துவிட்டது, இனி விடமுடியாது, இதனால்தான் கண் போகும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பயம் செய்யும் கெடுதல் மிகப் பெரியது. பல வருடம் தாமதித்து, கண் போன பிறகு ஊசிக்கு ஒப்புக்கொள்கிறார்கள், கண் போனதற்கு ஊசியைக் குற்றம் சொல்கிறார்கள்.

இன்சுலின் இல்லாத உலகம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டைப் 1 வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டு சில மாதமோ சில வருடமோ உயிரை நீட்டுவதுதான் அன்றைய சிகிச்சை. 1921இல் கனடாவின் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் கணையத்திலிருந்து சாறெடுத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சாறு சுத்தமில்லாததால் ஒவ்வாமை வந்தது, பலன் போதவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாகச் சுத்திகரித்த சாற்றை ஜனவரி 23 அன்று போட்டபோது பையனின் சர்க்கரை இறங்கியது, உயிர் திரும்பியது. இன்சுலினின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். உடம்பு தானாகச் சுரக்கும் அதே பொருளை, 1982 முதல் நுண்ணுயிரிகளைக் கொண்டு மனித இன்சுலினாகவே தயாரிக்கிறோம்.

டைப் 2இல் இன்சுலின் தேவைப்படுவது பெரும்பாலும் பீட்டா செல்கள் ஓய்ந்ததால், நோயாளி ஒழுங்காக இல்லாததால் அல்ல. தற்காலிகமாகவும் போடுவார்கள்: அறுவை சிகிச்சை, கர்ப்பம், கடும் தொற்று, அல்லது நோய் தெரியவந்த உடனே சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் கல்லீரலைப் பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின் உணவைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே இடத்தில் குத்தக் கூடாது. அங்கே கொழுப்புக் கட்டி தட்டி, மருந்து ஏறுவது ஒழுங்கில்லாமல் போகும். திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிட்டால் வீண். பயன்பாட்டில் இருப்பதை வெயில் படாமல், அறை மிதமாக இருந்தால் வெளியிலேயே வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்குச் சுமார் 28 நாள் கணக்கு.

தாழும்போது

70க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், குழப்பம். மூளைக்கு உணவு குறைவதால் அந்த மனிதர் வழக்கத்துக்கு மாறாகக் கோபப்படலாம், உதறித் தள்ளலாம். கூட இருப்பவர்கள் அதைச் சண்டையென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்தோ குளுக்கோஸ் மாத்திரையாகவோ. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். குளுகோகான் மருந்து கைவசம் இருந்து, கொடுக்கத் தெரிந்திருந்தால் கொடுக்கலாம்.

எதிர்ப்பக்க ஆபத்து, காய்ச்சல் வாந்தி நாட்களில். சாப்பிடவில்லையே என்று டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தை அமிலமாக்கிவிடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, மூச்சில் பழவாடை. இது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்.

வருடம் ஒரு முறை

கண்மணியை விரித்து விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை, சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரையைப் பார்க்க வேண்டும், மங்கத் தொடங்கும் முன்பே லேசர் முதலிய சிகிச்சைகள் நன்றாகப் பலன் தரும்.

பிறகு கால். தினமும் படுக்கப்போகும் முன் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, வலி இல்லாததால் அதே புண்ணின் மேல் மாதக்கணக்கில் நடப்பார்கள். அந்த உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவரிடம் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு மெல்லிய நைலான் இழை இருக்கும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவர் பாதத்தில் இங்கும் அங்குமாக அதைத் தொடுவார், பட்டது தெரியும்போதெல்லாம் "ம்" என்று சொல்ல வேண்டும். சில நிமிடங்கூட ஆகாது, வலிக்காது. அடுத்த முறை போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, காலையும் பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று நீங்களே கேளுங்கள்.